ராஜாவை விட்டுப் பிரிந்த சொல்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம், அதுவே கடைசி ஆட்டமும். சென்னையின் குகேஷுக்கு எதிரே சீனாவின் டிங் லிரன். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த மூன்று நகர்த்தலில் எல்லாம் முடிந்துவிட்டது. 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அழுதார்.

அந்த மட்டத்து ஆட்டங்களில் ஒலிக்காத சொல் ஒன்று உண்டு: ‘செக்’. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இன்றைய போட்டி விதிகள் கேட்பதில்லை. ராஜாவுக்கு ஆபத்து என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? திண்ணையிலும் பள்ளிக்கூட மரத்தடியிலும் ஆடும் பிள்ளைகள்தாம் இன்னும் ‘செக்!’ என்று கூவுகிறார்கள்.

பலகையை விட்டு இறங்கிய அந்தச் சொல் வேறெங்கும் ஓயவில்லை. வங்கிக் கவுன்டரில் செக் போடுகிறோம். மாவட்ட எல்லையில் செக்போஸ்டில் வண்டியை நிறுத்துகிறோம். நாற்பது தாண்டினால் மாஸ்டர் செக்கப்புக்குப் போகச் சொல்கிறார்கள். ஓட்டலில் செக்-இன், மறுநாள் காலை செக்-அவுட். தீபாவளிக்கு எடுத்த சட்டை செக்டு சட்டை. கிளம்பும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒரு முறை செக் பண்ணிக்கொள்கிறோம். காசு, காவல், உடம்பு, துணி, சந்தேகம் எல்லாவற்றுக்கும் இந்த ஓரசைச் சொல்தான்.

அகராதியைப் புரட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு இந்தப் பொருள்களை அடுக்கியிருப்பார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பது போலத் தோன்றும். உண்மையில் இவை அத்தனையும் ஒரே வம்சம். மூலபுருஷர் ஒரு பாரசீக ராஜா.

பிறந்த வீடு

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. ரத, கஜ, துரக, பதாதி என்று நால்வகைப் படையும் பலகையில் நிற்பதால் அந்தப் பெயர். ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டில் அது வட இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது. இந்திய அரசர் ஒருவர் பாரசீக மன்னர் குஸ்ரோவின் அவைக்கு இந்தப் பலகையைப் புதிராக அனுப்பிவைத்தார் என்றும், மன்னரின் அமைச்சர் புசுர்க்மிஹ்ர் அதன் விதிகளைத் தாமே கண்டுபிடித்து, பதிலுக்கு ஒரு பகடை ஆட்டத்தை இந்தியாவுக்கு அனுப்பினார் என்றும் பாரசீகர்கள் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார்கள். கவிஞர் பிர்தௌசியின் ஷாநாமா காவியத்திலும் இது வருகிறது. கதையில் வெற்றி பாரசீக அமைச்சருக்குத்தான். ஆனாலும் ஆட்டம் கிழக்கேயிருந்து வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

‘சதுரங்கம்’ பாரசீகர் வாயில் ‘சத்ரங்க்’ ஆனது, பிறகு அரபியர் வாயில் ‘ஷத்ரஞ்ச்’. ஆட்டத்தின் பெயர் இப்படி நம்மிடமிருந்து போனது. ‘செக்’ மட்டும் பாரசீகர் தந்தது. அவர்கள் மொழியில் அரசன் ‘ஷா’. எதிராளியின் அரசனைத் தாக்கும்படி காயை நகர்த்தினால் ‘ஷா!’ என்று சொல்லிவிட வேண்டும். ‘ராஜா! பார்த்துக்கொள்!’ என்பது அதன் கருத்து. சிப்பாயையும் குதிரையையும் எதிராளி அசந்த நேரத்தில் வெட்டலாம். அரசனை மட்டும் சொல்லாமல் வீழ்த்தக் கூடாது. அரசனுக்கு இன்னொரு அரசன் தரும் மரியாதை அது.

தப்பிக்கக் கட்டமே இல்லாமல் அரசன் மாட்டிக்கொண்டால் ‘ஷா மாத்’. இதற்கு ‘அரசன் செத்தான்’ என்று பொருள் சொல்பவர்கள் நிறைய. அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்து நிற்பவன், செய்வதறியாதவன். பலகையைப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும். சதுரங்கத்தில் எந்தக் காயும் சாகலாம், ராஜா சாவதில்லை. வழியில்லாமல் அவன் திகைத்து நிற்கும் அந்தக் கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

‘ஷா’ சதுரங்கத்துக்கும் பழைய சொல். சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் மன்னர் தரியஸ் தன்னை அரசர்க்கரசன் என்று வெட்டிவைத்தார். அந்தக் கல்வெட்டில் அரசனுக்கு உள்ள சொல் ‘க்ஷாயதிய’. நூற்றாண்டுகள் அதைத் தேய்த்துத் தேய்த்து ‘ஷா’ என்ற ஓரெழுத்தாக்கிவிட்டன. ஆள்வது என்னும் அதே வேரிலிருந்து வடமொழியில் வந்தது ‘க்ஷத்ர’. அதிலிருந்து வந்தவர் சத்திரியர். அதே ‘ஷா’வுக்கு முன்னால் தலைவன் என்னும் பொருளில் ஒரு சொல் சேர்ந்து ‘பாதுஷா’ ஆனது. நம் மிட்டாய்க் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பாகில் ஊறிக் கிடக்கும் பாதுஷாவின் பெயரிலும் இந்த ராஜா உட்கார்ந்திருக்கிறார்.

மேற்கே போன குரல்

7ஆம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தை வென்றார்கள். தோற்ற நாட்டின் ஆட்டம் வென்றவர்களைப் பிடித்துக்கொண்டது. பாக்தாத்தில் கலீபாக்களின் அவையில் சதுரங்க வல்லுநர்கள் இருந்தார்கள். அல்-அத்லி, அஸ்-சூலி போன்றவர்கள் இதற்கென்றே நூல்கள் எழுதினார்கள். அங்கிருந்து ஸ்பெயின், சிசிலி வழியாக ஐரோப்பா. 10ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் சதுரங்கத்தைப் பற்றி லத்தீனில் செய்யுளே எழுதிவிட்டார்கள்.

இங்கே ஒரு பிரிவு ஏற்பட்டது. அரபியரோடு நேராகப் பழகிய ஸ்பானியர்களும் போர்த்துகீசியர்களும் ‘ஷத்ரஞ்ச்’ என்ற ஆட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தில் அது ‘அஹெத்ரெஸ்’, போர்த்துகீசியத்தில் ‘ஷத்ரெஸ்’. போர்த்துகீசியத்தில் கட்டம் போட்ட துணிக்கும் அதே பெயர். பிரேசிலின் பேச்சுவழக்கில் கம்பிக் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் சிறைக்கும் அதே பெயர். நம் ‘சதுரங்கம்’ கடல் கடந்து ஜெயிலுக்குப் போன கதை இது.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆடும்போது எழுந்த குரலைப் பிடித்துக்கொண்டன. ‘ஷா, ஷா’ என்று சொல்லி ஆடுகிறார்கள், ஆகவே இது ‘ஷா’ ஆட்டம். ஈற்றில் அழுத்தமாக ஒலித்த ஹகரம் ஐரோப்பியக் காதில் ககரமாக விழுந்தது. லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’, இத்தாலியத்தில் ‘ஸ்காக்கோ’, ஜெர்மனில் ‘ஷாஹ்’, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’. ரஷ்யர்கள் ‘ஷா மாத்’தை முழுதாக எடுத்து ஆட்டத்துக்கே ‘ஷாஹ்மதி’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் சொல் இன்று ‘எஷெக்’ என்று ஒருமையில் வந்தால் தோல்வி, பன்மையில் வந்தால் சதுரங்கம். பரீட்சையில் தேறாத பிள்ளையைப் பற்றி அங்கே பேசினாலும் பேச்சுக்குள் ஒரு பாரசீக ராஜா திகைத்து நிற்பார்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது அரண்மனைக்குள் பிரெஞ்சு நுழைந்தது. கூடவே இந்தச் சொல்லும். பிரெஞ்சு ஒருமை ‘எஷெக்’ ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது. அதன் பன்மை ‘எஷெஸ்’ தலையெழுத்தை உதிர்த்துவிட்டு ‘செஸ்’ ஆனது. ஆக, செக்கும் செஸ்ஸும் கூடப்பிறந்தவை. செக் என்றால் ராஜா, செஸ் என்றால் ராஜாக்கள். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையில் கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலம் முழுவதையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணமடித்தார்கள். போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ ஊரெங்கும் கைகூப்பி நின்றது. குதிரைக்குத்தான் அன்று கொண்டாட்டம். விளம்பரப் பலகைகளில் ‘ராஜாக்கள்’ என்றே எழுதியிருந்ததை யார் கவனித்தார்கள்?

நில் என்ற பொருள்

எதிராளி ‘செக்’ சொன்னதும் பலகையில் என்ன நடக்கிறது? நீங்கள் எவ்வளவு பெரிய திட்டத்தோடு முன்னேறிக்கொண்டிருந்தாலும் அதை அப்படியே போட்டுவிட வேண்டும். முதலில் ராஜாவைக் கவனிக்க வேண்டும், வேறு வேலைக்கு அனுமதி இல்லை. இந்த அனுபவம்தான் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சொல்லின் அடுத்த பொருளாக வளர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்குத் திடீரென்று விழும் தடை ‘செக்’ ஆனது. பின்னாளில் மோப்பத்தைத் தவறவிட்டு வேட்டைநாய்கள் நின்றுவிட்டாலும் அது ‘செக்’தான். அந்த நூற்றாண்டில் கவிஞர் சாசர், இளவரசர் ஜான் ஆஃப் கான்ட்டின் இறந்துபோன மனைவி பிளாஞ்சை நினைத்து ஒரு நெடுங்கவிதை எழுதினார். அதில் ஒரு வீரன் விதியோடு சதுரங்கம் ஆடித் தன் ராணியை இழந்துவிட்டதாகப் புலம்புகிறான். சதுரங்கச் சொற்கள் அதற்குள்ளேயே துக்கத்தைச் சொல்லப் பழகிவிட்டன.

பொழிப்பாகச் சொன்னால், ‘ராஜா!’ என்ற விளி ‘நில்!’ என்ற ஆணையாகிவிட்டது. ஓடையின் குறுக்கே கட்டும் செக் டேமைத் தமிழில் தடுப்பணை என்கிறோம். மொழிபெயர்த்தவருக்குச் சொல்லின் உயிர் தெரிந்திருக்கிறது. ஆட்சியின் ஒரு கை மிஞ்சிப் போகாமல் இன்னொரு கை தடுக்க வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் பேசினார்கள். அந்தத் தடைக்கும் அவர்கள் சொன்ன பெயர் ‘செக்’தான். ராஜாவே வேண்டாம் என்று எழுதிய சட்டத்தை விளக்க ராஜாவின் பெயரையே எடுத்தாண்டார்கள்.

கறுப்புத் துணி

இதற்கிடையே குடும்பத்தின் இன்னொரு கிளை அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்திருந்தது. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஷெக்கியே’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி காலத்தில் அரசின் வருவாய்க் கணக்கைத் தீர்க்க ஒரு மேசை இருந்தது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், காசுகள் உருண்டு விழாமலிருக்க நாலு விரல் உயரத்தில் விளிம்பு. அதன் மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணியை விரித்திருப்பார்கள். 1170களின் இறுதியில் இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் குரு சிஷ்யர் உரையாடலாக எழுதிய நூல் இந்த மேசையை அங்குலம் அங்குலமாக விவரிக்கிறது.

துணி எதற்கு? அன்றைக்கு ஐரோப்பாவில் கணக்கு எழுதியது ரோமன் எண்ணில். பூஜ்ஜியம் கிடையாது, கூட்டிக் கழிப்பது நரக வேதனை. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பது கூடுதல் தலைவலி. அதனால் துணியின் பத்திகளில் பென்ஸுக்கு ஒன்று, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று ஒதுக்கி, வில்லைகளை வைத்தும் எடுத்தும் கணக்குப் பார்த்தார்கள். எழுதத் தெரியாத கனவானும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு மாவட்டத்து ஷெரீஃபும் வந்து இந்தத் துணியின் எதிரே உட்கார்ந்து கணக்குக் காட்ட வேண்டும். நம்மூர் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைக் கட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் காத்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர்களை நினைத்துக்கொண்டால் காட்சி கிடைத்துவிடும். இந்த இடத்துக்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர் வந்தது என்று நூலில் சிஷ்யர் கேட்கிறார். தோற்றம் அப்படி இருக்கிறது, அதோடு இங்கே நடப்பதும் ஒரு போர்தான், கருவூலத் தலைவருக்கும் ஷெரீஃபுக்கும் நடக்கும் போர் என்கிறார் குரு. துணியின் பெயர் மேசைக்கு ஆகி, மேசையின் பெயர் துறைக்கு ஆகி, பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’. அந்த நாட்டின் ஒவ்வொரு பட்ஜெட்டும் சதுரங்கப் பலகையின் பெயரால்தான் வாசிக்கப்படுகிறது.

பணம் கட்டியவருக்கு ரசீது? காகிதம் அல்ல, கட்டை. ஒரு மரக்குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுக் குறி போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். பொய் சொல்ல வழியே இல்லை. இந்தக் கட்டைகளை 1826 வரை புழக்கத்தில் வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று ஆன பிறகு, 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ அடங்கவில்லை. லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் அன்றிரவு எரிந்துபோனது.

அடிக்கட்டை

பிளந்த குச்சியின் தத்துவம்தான் வங்கிக்குப் போனது. ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு அதன் மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டால் பொய்ச் சீட்டுக்காரனைத் தடுக்கலாம். தடுப்பதால் அந்த மறுபாதிக்கு ‘செக்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படித்தான் வழங்கிற்று. காலப்போக்கில் மறுபாதியின் பெயர் முன்பாதிக்குத் தாவி, பணம் கொடுக்கச் சொல்லி வங்கிக்கு எழுதும் சீட்டே ‘செக்’ ஆனது. நாம் செக் புத்தகத்தில் மிஞ்சும் பாதியை ‘அடிக்கட்டை’ என்கிறோம். இங்கிலாந்தில் எரிந்துபோன கட்டை தமிழ்ப் பேச்சில் தற்செயலாகப் பிழைத்திருக்கிறது.

எக்ஸ்செக்கரின் சாயலில் ஆங்கிலேயர்கள் பணச் சீட்டுக்கு மட்டும் தனி எழுத்துக்கூட்டல் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் போதும் என்றார்கள். அமெரிக்க ஓட்டலில் சாப்பிட்டு முடித்துக் கேட்கும் பில்லுக்கும் ‘செக்’ என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டு ரயில்களில் அங்கே பெட்டிக்கு ஒரு பித்தளை வில்லை, பயணிக்கு அதே எண்ணுள்ள இன்னொரு வில்லை கொடுத்தார்கள். அதுவும் ‘செக்’. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நம் பெட்டியில் பட்டை ஒட்டி, கிழித்த துண்டை நம் கையில் கொடுக்கும் பெண் செய்வதும் பிளந்த குச்சியின் வேலையே.

இந்தியாவுக்கு இந்தச் சீட்டு வெள்ளைக்காரர்களின் வங்கிகளோடு வந்தது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதற்கு இலக்கணம் வகுத்தது. அந்தச் சட்டத்தில் 1988இல் சேர்த்த 138ஆவது பிரிவைத் தமிழ்நாட்டில் கடை வைத்திருக்கும் எவரும் எண்ணோடு சொல்வார். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். கையெழுத்து மட்டும் போட்ட வெற்று செக்கை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தூக்கம் இழந்தவர்களுக்கு ‘செக்’கின் மூலப்பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. நகர இடமில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பயணப்பட்டே பழகிய அந்தச் சீட்டு இப்போது பயணத்தை விட்டுவிட்டது. 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்த முறைப்படி செக் வங்கிக்கு வங்கி போவதில்லை. அதன் படம் மட்டும் போகிறது.

ஊதாரி நிறம்

பலகையின் கட்டம் துணிக்கு வந்த கிளையில் மதராஸுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. கோரமண்டல் கரையில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியை ஆங்கிலேய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அசல் மதராஸ் கைக்குட்டை என்பதே அதன் வணிகப் பெயர். நைஜர் ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் அதற்கு ‘இஞ்சிரி’ என்று பேர் வைத்து, பிறப்பு, திருமணம், சாவு எல்லாவற்றுக்கும் தங்கள் சொந்தத் துணியாக்கிக்கொண்டார்கள். அந்த மதராஸ் துணியில் நூல்களை அங்கங்கே அறுத்து உருவிப் புதுக் கோலங்களும் உண்டாக்கினார்கள்.

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கினார். பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கியவர் அந்த நாயர். துணி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாயிற்று. தண்ணீர் பட்டதும் சிவப்பும் நீலமும் கரைந்து ஒன்றின் மேல் ஒன்று ஓடின. வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் அசரவில்லை. சாயம் போவதே இதன் பெருமை, ஒவ்வொரு துவைப்புக்கும் சட்டை புதிதாகும், சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று திருப்பிப் போட்டார்கள். விற்றுத் தீர்ந்தது. நம்மூர் ஜவுளிக்கடையில் சாயம் போகாது என்று சத்தியம் செய்து விற்கும் அண்ணாச்சிக்கு இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் ‘மாத்’ ஆகிவிடுவார்.

1996இல் மதராஸ் என்ற ஊர்ப்பெயர் அரசுப் பதிவேட்டிலிருந்து போய்விட்டது. உலகத்துத் துணிக்கடைகளில் மதராஸ் இன்னும் ஒரு கட்டம் போட்ட துணி.

தடுத்தவன் சோதித்தான்

மிச்சமிருப்பது, நாம் தினமும் பத்து முறை சொல்லும் ‘செக் பண்ணு’. தடுப்பதிலிருந்து சோதிப்பது எப்படி வந்தது? வாசலில் நிற்கும் காவல்காரரைப் பாருங்கள். தடுப்பதும் சோதிப்பதும் அவர் செய்யும் ஒரே வேலையின் இரண்டு பாதி. நிறுத்தினால்தான் பார்க்க முடியும், பார்ப்பதற்காகத்தான் நிறுத்துகிறார். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது பாதி தனியாகப் பிரிந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற பொருளாகத் தலையெடுத்தது. ஓட்டல் பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்து உள்ளே விடுவது, உடம்பைச் சரிபார்ப்பது, எழுத்துப் பிழையைச் சரிபார்ப்பது எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

நம் நெடுஞ்சாலையில் இரண்டு பாதியும் இன்னும் சேர்ந்தே நிற்கின்றன. குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் டார்ச் லைட்டோடு ஒருவர். சொல் அங்கே பழைய அர்த்தத்திலும் வேலை செய்கிறது, புது அர்த்தத்திலும் வேலை செய்கிறது.

தமிழில் ஒரு கூட்டுக்குடும்பம்

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் பிரித்துவைத்த உறவுகளைத் தமிழ் எழுத்து சேர்த்துவைத்துவிட்டது. பிரிட்டிஷ் முறையா அமெரிக்க முறையா என்ற சண்டை நமக்கில்லை. வங்கிக்கும் செக், சாவடிக்கும் செக், சட்டைக்கும் செக். பேச்சில் ஈற்றில் ஒரு உகரம் சேர்ந்து ‘செக்கு’ ஆகும்போதுதான் சின்னக் குழப்பம். எண்ணெய் ஆட்டும் செக்கு இங்கே ஏற்கெனவே இருந்த நம் சொந்தச் சொல். வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்தது அந்தச் செக்கை. இரண்டுக்கும் உறவில்லை, ஒலி மட்டும் ஒன்று.

கலைச்சொல் ஆக்கியவர்கள் எதிர்த் திசையில் வேலை செய்தார்கள். ஒரு சொல்லைப் பல சொல்லாகப் பிரித்தார்கள். சரிபார்ப்பு, சோதனைச் சாவடி, தடுப்பணை, காசோலை. இவற்றில் என் ஓட்டு காசோலைக்கு. பனையோலையில் எழுதி ஆள் அனுப்பிய காலமும் வங்கிக் கணக்கும் அந்த ஒரு சொல்லில் கைகோத்திருக்கின்றன. பாரசீக ராஜாவுக்கு அதில் இடமில்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை.

ஆனால் எந்த அறிஞரும் உட்கார்ந்து யோசிக்காமல் தமிழ் செய்துகொண்ட இன்னொரு காரியம் உண்டு. பத்திரிகை அரசியல் செய்தியைப் பாருங்கள். கூட்டணித் தலைவர் ஒருவருக்கு இன்னொருவர் ‘செக் வைத்தார்’ என்று இருக்கும். மாமியார் மருமகள் சண்டையிலும் ‘நல்லா செக் வச்சா பாரு’ என்போம். வெறுமனே தடுத்தார் என்றோ சோதித்தார் என்றோ இதற்குப் பொருள் இல்லை. எதிராளி பெரிய ஆள், அவர் நகர வேண்டிய கட்டத்தை இவர் முன்கூட்டியே அடைத்துவிட்டார், இப்போது அவர் மற்ற வேலையைப் போட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அப்படியே ‘ஷா!’ என்ற பழைய எச்சரிக்கையின் பொருள் இது. பலகையிலிருந்து இறங்கி ஊரெல்லாம் சுற்றிய சொல், தமிழ்ப் பேச்சில் மறுபடியும் ஒரு ராஜாவின் எதிரே போய் நின்றுவிட்டது. வட இந்தியாவில் ‘ஷெஹ்’ என்றும் ‘மாத்’ என்றும் இன்னும் மூல ஒலியோடே சொல்கிறார்கள். நாம் லண்டன் வழியாகச் சுற்றி வந்த சொல்லுக்கு மூலப் பொருளைக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே ‘செக்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று யாராவது கேட்டால், ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஓடுகிற ஒன்றை நிறுத்தி, ஆபத்து இருக்கிறது, பார்த்துக்கொள் என்பது அந்தப் பொருள். காசுக்கும் கணக்குக்கும் காய்ச்சலுக்கும் அது பொருந்துகிறது.

பிறந்த வீட்டில் அந்தச் சொல் என்ன ஆனது? ஈரானின் கடைசி ஷா 1979 ஜனவரி 16 அன்று விமானம் ஏறி நாட்டைவிட்டுப் போனார். புரட்சிக்குப் பிறகு சதுரங்கத்துக்கும் பொதுவெளியில் தடை விழுந்து, 1988இல்தான் நீங்கியது. இன்று அங்கே பலகையின் முன் உட்காருபவர்கள் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா’ என்று சொல்வதில்லை. ‘கீஷ்’ என்கிறார்கள். கோழியை விரட்டும்போது எழுப்பும் ஒலியும் அதுதான்.